விரல் தட்டாத பலகை

நான் காரைக்குடியில் பல் மருத்துவர். வருஷத்தில் பத்து நாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் காஷ்மீருக்குப் போகிறேன். குல்மார்க்கில் பனிச்சரிவில் பலகை மேல் நின்று சறுக்குகிறேன். இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர், "அங்க பட்டாளத்துல யாரும் சொந்தக்காரவுக இருக்காகளா?" என்று கேட்கிறார்கள்.

ஆரம்பித்தது தற்செயலாகத்தான். எனக்கு நாற்பது வயதானபோது கல்லூரித் தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பயணம் போனோம். எல்லோரும் ஒரு மணி நேரம் பனியில் விழுந்து எழுந்து, படம் எடுத்துக்கொண்டு, டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் போகவில்லை. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று சறுக்குகிற அந்த ஸ்னோபோர்டு எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் இம்மி இம்மியாக வேலை பார்க்கிறவளுக்கு, உடம்பு மொத்தமும் ஒரு காரியத்தில் இறங்குவது வேண்டியிருந்ததோ என்னவோ.

அடுத்த குளிர்காலத்தில் தனியாகப் போனேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் பழைய பலகைகள் சில விலைக்கு இருந்தன. அதில் ஒன்றை எடுத்து என் பக்கத்தில் நிறுத்தினார். அதன் நுனி என் தாடையைத் தொட்டது. "சரியாக இருக்கிறது" என்றார். புதிதாகக் கற்பவர்களுக்கான பலகை. நூற்று நாற்பத்தாறு சென்டிமீட்டர். கையால் அழுத்தினாலே வளையும். அப்படி வளைவதால் நாம் செய்கிற பிழைகளை அது கண்டுகொள்ளாது. கால் கொஞ்சம் தப்பாகப் போனாலும் நம்மை உடனே தூக்கி எறியாது. அதை வாங்கி, விமானத்தில் மதுரைக்குக் கொண்டுவந்து, காரின் மேலே கட்டி வீட்டுக்கு எடுத்துவந்தேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இஸ்திரி போடுற பலகையா டாக்டரம்மா? நீளமா இருக்கே" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் சிக்கல் வந்தது.

பலகைக்கு இரண்டு ஓரம் உண்டு. இரும்பு விளிம்பு போட்டிருக்கும். ஒன்று விரல் பக்கம், மற்றது குதிகால் பக்கம். விரல் பக்கம் சாய்ந்தால் ஒரு திருப்பம், குதிகால் பக்கம் சாய்ந்தால் இன்னொரு திருப்பம். சரிவு செங்குத்தாக ஆக ஆக, பலகையை அதிகமாகச் சாய்க்க வேண்டும். அந்த முறை நான் முதல்தடவையாக நடுச்சரிவுகளுக்குப் போனேன். குதிகால் பக்கம் ஒரு மாதிரி சமாளித்துவிடுவேன். விரல் பக்கம் சாய்த்ததும், பிடித்து நிற்க வேண்டிய விளிம்பு திடீரென்று விட்டுவிடும். யாரோ காலைத் தட்டிவிட்டதுபோல முகம் குப்புற விழுவேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஒவ்வொரு நாளும். முழங்கால் கன்றிப்போனது. விலா எலும்பில் அடிபட்டு, இருமினால்கூட வலித்தது.

கற்றுக்கொடுத்தவர் நல்ல மனிதர். "பயப்படுகிறீர்கள். பயந்தால் உடம்பு விறைக்கும். முழங்காலை மடக்குங்கள், தைரியமாகச் சாயுங்கள்" என்று பொறுமையாகச் சொன்னார். நான் மடக்கினேன். சாய்ந்தேன். விழுந்தேன். அந்த வருஷம் கூட வந்திருந்த தோழி ஒருத்தி, ராத்திரி என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "நமக்கு வயசு நாப்பத்தி ரெண்டுடி. போதும் விடு" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வயதாகிவிட்டது, பயம் வந்துவிட்டது, இந்த உடம்பு இவ்வளவுக்குத்தான். ஊருக்குத் திரும்பிப் பலகையைப் பரணில் போட்டேன். இரண்டு மாசம் நோயாளி மேல் குனியும்போதெல்லாம் விலா வலித்தது. அதுவும் போனது. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கார்த்திகை மாசம் என் நாத்தனார் கனடாவிலிருந்து போன் செய்தாள். என் கணவருடைய தங்கை. அவள் ஊரில் ஆறு மாசம் பனி. பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் ஸ்னோபோர்டு பழகியவள், என்னைவிட நன்றாகச் சறுக்குவாள். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, "அண்ணி, மாசியில குல்மார்க் போவீகள்ல? உங்களுக்கு ஒரு நல்ல போர்டா வாங்கிட்டு வாரேன். இன்னும் எத்தன நாளைக்கு அந்தக் கத்துக்குட்டிப் போர்டையே வச்சிருப்பீக?" என்றாள்.

"நான் விட்டுட்டேன்த்தா. எனக்குச் சரியா வரல" என்றேன்.

"என்ன வரல?"

சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "உங்க உயரம் தெரியும். எடை எவ்வளவு?" என்றாள்.

"எடை எதுக்கு? போர்டு தாடை வரைக்கும் இருக்கணும்னுதானே சொல்லுவாக?"

"அது பழைய கணக்கு அண்ணி. போர்டுக்கு நம்ம உயரம் எங்க தெரியுது? அதுமேல எவ்வளவு பாரம் இருக்குன்னுதான் அதுக்குத் தெரியும். ஒரே உயரத்துல அம்பது கிலோ ஆளும் இருக்காக, எம்பது கிலோ ஆளும் இருக்காக. ரெண்டு பேருக்கும் ஒரே போர்டா?"

எங்கள் வீட்டில் எடை பார்க்கும் கருவி கிடையாது. வேண்டுமென்றே வாங்காமல் இருந்தேன். மறுநாள் சாயந்திரம் என் கணவரின் மாட்டுத்தீவனக் கடைக்குப் போனேன். அங்கே மூட்டை நிறுக்கும் தராசு மேடை இருக்கிறது. சறுக்கும்போது போடுகிற உடுப்பு எல்லாம் சேர்ந்துதானே பாரம் என்று நானாக யோசித்து, பஞ்சு வைத்த கால்சட்டை, மேல்கோட்டு, ஹெல்மெட், பூட்ஸ் அனைத்தையும் ஒரு பையில் கொண்டுபோய், கடைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்தேன். மழை விட்ட புழுக்கம். மேடையில் ஏறும் முன்பே வேர்வை கண்ணில் இறங்கியது. புண்ணாக்கு வாங்க நேமத்தான்பட்டியிலிருந்து வந்திருந்த ஒருவர், மேலும் கீழும் பார்த்தார். "என்ன டாக்டரம்மா, நெலாவுக்குப் போறீகளா?"

"காஷ்மீருக்குண்ணே."

"அதுக்கு ஏன் இங்கயே மாட்டிப்புட்டீக?"

என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முள்ளைப் பார்த்தார். எழுபத்தேழு. நாத்தனாருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "ஐயோ அண்ணி, உடுப்பு வேண்டாம். கடைக்காரவுக அட்டவணையில சாதாரண எடைதான் போட்டிருக்கும்" என்றாள். மறுபடியும் பின்னால் போய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சேலையோடு வந்து ஏறினேன். எழுபத்தொன்று. நான் மனதில் வைத்திருந்த எண் வேறு.

"இன்னொரு தரம் ஏறிப் பாரு. மேடை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு போல" என்றார் கணவர்.

"மேடை சரியாத்தான் இருக்கு. எழுபத்தொண்ணுன்னே சொல்லுங்க."

அந்தப் பழைய பலகை ஐம்பத்தைந்து, அறுபது கிலோ ஆளுக்கானது என்று நாத்தனார் சொன்னாள். வேகம் கூடும்போது அது காலுக்கடியில் படபடவென்று நடுங்கியதற்குக் காரணம் அப்போது புரிந்தது. ஆனால் விழுந்ததற்கு அது மட்டும் போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம், அவளுக்குக் காலை. வீடியோவில் வந்தாள்.

"பூட்ஸ் என்ன அளவு அண்ணி?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காத கேள்வி. என் கால் பெரிய கால். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கடையில் பெண்கள் பக்கத்தில் எனக்குச் செருப்புக் கிடைக்காது. கடைக்காரர் ஆண்கள் பக்கத்திலிருந்து எடுத்துவந்து, இருப்பதிலேயே மெல்லிசான வாரைக் காட்டுவார். நாட்டரசன்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது, காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு உட்காரச் சொல்லி அம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அப்படியும் எழுந்து நடக்கும்போது, மாப்பிள்ளைக்கு அத்தை முறையான ஒருவர், "பொண்ணு லெட்சணமாத்தான் இருக்கு. காலு மட்டும் ஆம்பளைக் காலு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

அளவைச் சொன்னேன். நாத்தனார் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தப் போர்டைப் பரணுலருந்து எறக்கு. பூட்ஸை அதுல வச்சு வாரை இறுக்கு. அண்ணி ஏற வேண்டாம், வெறும் பூட்ஸ் போதும்."

என் கணவர் நாற்காலி போட்டு ஏறி இறக்கினார். நான் பூட்ஸை வைத்துப் பட்டைகளை இறுக்கினேன். கூடத்துத் தரையில் பலகையை வைத்தோம். போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்தேன்.

"இப்ப விரல் பக்கமா மெதுவாச் சாய்."

சாய்த்தார். கொஞ்ச தூரம் சாய்ந்து நின்றுவிட்டது.

"இன்னும் சாய்."

"சாய மாட்டேங்குதுத்தா. பூட்ஸு தரையில முட்டுது."

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாரு."

தள்ளினார். பூட்ஸின் முனை தரையில் ஊன்றிக்கொள்ள, இரும்பு விளிம்பு தரையை விட்டு மேலே எழும்பியது. நானே அவரிடமிருந்து வாங்கி மறுபடியும் சாய்த்தேன். முட்டியது. எழும்பியது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். என் பூட்ஸ் பலகைக்கு வெளியே இரண்டு விரற்கடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. சரிவில் நான் சாய்க்கும்போதெல்லாம் முதலில் பனியில் மாட்டியது விளிம்பு இல்லை, என் கட்டைவிரல்.

"அப்ப விழுந்தது நான் பயந்ததுனால இல்லையா?" என்று கேட்டேன்.

"தைரியமாச் சாயச் சாயத்தான் விழுந்திருக்கீக அண்ணி. பயந்து நின்னிருந்தா விழுந்தே இருக்க மாட்டீக."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. முதலில் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இல்லை. ஒரு வருஷமாக நான் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்த எல்லாவற்றின் மேலும். வயது, உடம்பு, போதும் விடு என்ற பேச்சு. என் கணவர் பலகையை மறுபடி சாய்த்து, நிமிர்த்தி, சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் புதுத் தராசு வந்தால் இப்படித்தான் பார்ப்பார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் படமும் பேச்சுமாகப் போனது. நாத்தனார் கடைக்குப் போய் ஒவ்வொரு பலகையாகப் படம் எடுத்து அனுப்பினாள். அதில் ஒன்று அரக்கு நிறம், ஓரத்தில் வெள்ளைப் பூ. பார்த்ததும் எனக்கு அதுதான் வேண்டும் என்றாகிவிட்டது. பெண்களுக்கான பலகை. நீளம் போதுமானதாக இருந்தது. ஆனால் இடுப்பு, அதாவது பலகையின் நடுப்பகுதி, பழையதைவிட அதிகம் அகலமில்லை.

"அதுலயும் விரல் தட்டும் அண்ணி" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "உங்க பூட்ஸுக்கு... வந்து... தப்பா எடுத்துக்கிராதீக. ஆம்பளைக போர்டு பாத்தாத்தான் சரியா வரும். பொம்பளைகளுக்கே அகலமா வர்றது ஒண்ணு ரெண்டு இருக்கு, இந்தக் கடையில இல்ல" என்றாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் என் கணவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "நம்ம அத்தைதான் அன்னைக்கே சொல்லிப்புட்டாகளே" என்றார்.

"என்னத்தைச் சொன்னாக?" என்றாள் தங்கை.

"காலு பெருசுன்னு. பொண்ணு பாக்கப் போனப்ப."

இருபது வருஷத்தில் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் காதில் விழவில்லை என்றே இருந்தேன்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"ஊருக்கே கேட்டுச்சு. நல்ல காலுதான், தடுக்கி விழாதுன்னு நெனச்சேன்." கீரைக் காம்பை ஓரமாக ஒதுக்கினார். "காஷ்மீர்ல போயி விழும்னு கண்டனா?"

நாத்தனார் அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து இருமினாள். நானும் சிரித்தேன். "ஆம்பளைப் போர்டே பாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது அப்படி ஒன்றும் பெரிய விஷயமாக இல்லை.

அடுத்தது நீளம். நூற்று ஐம்பத்து நான்கிலும் இருந்தது, ஐம்பத்தெட்டிலும் இருந்தது. என் கணவர் பெரியதை எடுக்கச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்கும்போது அவர் சொல்கிற அதே நியாயம். பெரிதாக எடுத்தால் நாள் வரும். எனக்கும் ஆசை இருந்தது. ஆழமான பனியில் நீளப் பலகை மிதக்கும், புதையாது என்று படித்திருந்தேன். இத்தனை நாள் சின்னதில் பட்ட பாட்டுக்கு இந்த முறை பெரிதாகவே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வேகம்.

"நீக வருஷத்துல பத்து நாள் போறீக" என்றாள் நாத்தனார். "முதல் மூணு நாள் கால் பழகவே போயிரும். நீளமா இருந்தா திருப்புறதுக்கு அவ்வளவு பலம் வேணும். மரத்துக்கு நடுவுல சட்டுனு திருப்ப முடியாது. இனிமே என்னவா ஆகப்போறீகங்கிறதுக்கு வாங்காதீக. இப்ப இருக்கிற ஆளுக்கு வாங்குங்க."

இதை நான் தினமும் கிளினிக்கில் வேறு மாதிரி சொல்கிறவள்தான். பல் செட்டுக்கு அளவு எடுக்கும்போது, ஈறு இன்னும் இறங்கும், கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள் என்பார்கள். இன்றைக்கு இருக்கிற வாய்க்குத்தான் போட முடியும் என்பேன். நூற்று ஐம்பத்து நாலு என்று முடிவு செய்தேன். விறைப்பிலும் நடுத்தரம். மிக விறைப்பானது வேகமாகப் போகிறவர்களுக்கு. நான் அவ்வளவு வேகமாகப் போகிற ஆள் இல்லை. பூட்ஸைப் பிடிக்கும் பட்டைகளையும் பெரிய அளவில் வாங்கச் சொன்னேன்.

பொங்கலுக்கு முதல் நாள் நாத்தனார் வந்து இறங்கினாள். பலகை கறுப்பாக இருந்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, வேறு அழகு எதுவும் கிடையாது. வீட்டுக்குள் வந்ததும் காபிகூடக் குடிக்கவில்லை. பூட்ஸை வைத்துக் கட்டிக் கூடத்தில் சாய்த்தோம். சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது. பலகை ஏறக்குறைய செங்குத்தாக நின்ற பிறகுதான் பூட்ஸ் தரையைத் தொட்டது. நாத்தனார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

மாசியில் தனியாகப் போனேன். கற்றுக்கொடுத்தவர் பலகையை வாங்கி என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். என் மூக்கைத் தாண்டியது. "நீளம் அதிகம்" என்றார். "எடைக்குச் சரி" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு முன்னால் போனார்.

முதல் நாள் மோசம். பழைய பலகை மன்னித்ததை இது மன்னிக்கவில்லை. காலில் ஒரு சின்னத் தயக்கம் என்றாலும் கேட்டுக்கொண்டு வேறு பக்கம் போனது. குதிகால் பக்கம், முன்பு விழாத இடத்தில், உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். தங்குமிடத்துக்குத் திரும்பிக் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு, தப்பாக வாங்கிவிட்டோமோ என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் தாழ்ந்த சரிவிலேயே இருந்தேன். காலை விரித்து நிற்கிற தூரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பட்டைகளை மாற்றிப் பூட்டினேன். அதன் பிறகு பலகை சொன்னபடி கேட்டது.

நாலாம் நாள் நடுச்சரிவுக்குப் போனேன். போன வருஷம் விலாவில் அடிபட்ட அதே சரிவு. மேலே நின்று பட்டைகளை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டேன். பயமே இல்லை என்று சொன்னால் பொய். குதிகால் பக்கம் ஒரு திருப்பம் எடுத்தேன். பிறகு விரல் பக்கம் சாய்ந்தேன். விளிம்பு விடும் என்று உடம்பு தானாக இறுகியது. விடவில்லை. இன்னும் சாய்ந்தேன். பனிக்குள் கத்தி இறங்குவதுபோல ஒரு சத்தம். பலகை கீறிக்கொண்டே போய், வளைந்து, என்னை மேல்நோக்கிப் பார்க்கத் திருப்பி நிறுத்தியது. நின்றேன். எனக்குப் பின்னால் சரிவில் ஒரு மெல்லிய கோடு, அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது. தேய்த்துக்கொண்டு வந்த அகலத் தடம் இல்லை, ஒற்றைக் கோடு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மேலேயிருந்து வந்த ஒருவர் வழிவிடச் சொல்லிக் கத்தினார். ஒதுங்கினேன்.

அன்று ஐந்தாறு தடவை அந்தச் சரிவில் இறங்கினேன். விழவும் செய்தேன். ஆனால் எதனால் விழுந்தேன் என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்தது.

கீழே வந்ததும் கையுறையைக் கழற்றிக் கணவருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே கூட்டச் சத்தம். மாசி மகத்துக்குத் திருக்கோஷ்டியூர் வந்திருப்பதாகவும், தெப்பக்குளத்தில் விளக்கு ஏற்ற நிற்கிற வரிசையில் இருப்பதாகவும் சொன்னார்.

"விரல் பக்கம் திரும்பிட்டேங்க" என்றேன்.

"என்ன? கேக்கல."

"திரும்பிட்டேன்! விழாம!"

"ஊருக்கா? அடுத்த வாரந்தானே டிக்கெட்டு?"

"இல்லைங்க, சரிவுல. போர்டு நின்னுருச்சு."

"அப்படியா!" என்றார். பிறகு அங்கே யாரிடமோ, "எங்க வீட்டம்மா காஷ்மீர்ல நிக்கிறாக, பனியில" என்று சத்தமாகச் சொல்வது கேட்டது. "சரி, வரிசை நகருது. ஒனக்கும் சேத்து ஒரு விளக்குப் போட்டுர்றேன். கம்பளியப் போத்திக்கிட்டு ஏதாச்சும் சூடாச் சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு நல்ல பசி. பலகையைக் கடை வாசலில் பனியில் குத்தி நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.